அயனி மண்டலத்தின் வரவு செலவு

மத்திய அலை பிடிக்கும் பழைய ரேடியோ ஒன்று வீட்டில் கிடந்தால், இதைச் செய்து பார்க்கலாம். நண்பகலில் முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்துங்கள். பக்கத்து நிலையங்கள் நாலைந்து கேட்கும். மற்ற இடமெல்லாம் இரைச்சல். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து அதே முள்ளைத் திரும்பவும் நகர்த்துங்கள். பகலில் இரைச்சல் மட்டுமே இருந்த இடங்களில், பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்கள் தெரியாத மொழிகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். ரேடியோ அதேதான். மாறியது தலைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஒரு மெல்லிய திரை. பகலெல்லாம் தூரத்து அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அது, சூரியனோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

அந்தத் திரைதான் அயனி மண்டலத்தின் அடித்தட்டு.

காற்று மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும். 60 கிலோமீட்டரைத் தாண்டினால், சூரியனின் கடும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. எலெக்ட்ரானை இழந்தது அயனி. அயனிகளும் தனி எலெக்ட்ரான்களும் கலந்து மிதக்கும் இந்தப் பகுதி ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரை நீள்கிறது. பெயரைக் கேட்டு, அங்கே எல்லாமே அயனியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எலெக்ட்ரான்கள் மிக நெருக்கமாக இருக்கும் 300 கிலோமீட்டர் உயரத்தில்கூட ஆயிரம் துகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் அயனிகள் உண்டு. மீதியெல்லாம் மின்னேற்றம் இல்லாத சாதாரணக் காற்று. அந்தச் சாதாரணக் காற்றை மறந்துவிடாதீர்கள். பாதிக் கதை அதன் கையில்தான் இருக்கிறது.

இப்படி ஒன்று மேலே இருக்கிறது என்று தெரிய வந்ததே ரேடியோவால்தான். 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சைகையை அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அலை நேர்கோட்டில் போகிறது, பூமியோ உருண்டை. பிறகு எப்படி வளைந்து வந்தது? மறு ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், மேலே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று தனித்தனியே சொன்னார்கள். 1924 டிசம்பரில் இயற்பியலாளர்கள் ஆப்பிள்டனும் பார்னெட்டும் பிபிசியின் போர்ன்மத் நிலையத்தின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தச் சொல்லி, ஆக்ஸ்போர்டில் அதை வாங்கி, மேலிருந்து திரும்பும் அலை எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று அளந்தே விட்டார்கள். முதலில் அகப்பட்ட அடுக்குக்கு ஆப்பிள்டன் வைத்த எழுத்து ‘இ’. கீழேயும் மேலேயும் வேறு அடுக்குகள் கிடைக்கலாம் என்று முன்னும் பின்னும் எழுத்துகளை விட்டுவைத்தார். கிடைக்கவும் செய்தன: கீழே டி, மேலே எஃப். 1947இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

டி அடுக்கில் காற்று ஓரளவு அடர்த்தி. கடந்துபோகும் ரேடியோ அலை அங்குள்ள எலெக்ட்ரானை ஆட்டிவிடும். ஆடத் தொடங்கிய எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் மோதி, அலையிடம் வாங்கிய சக்தியை வெப்பமாக உதறிவிடும். அலை மெலிந்துபோகும். அதிர்வெண் குறைவாக இருந்தால் இழப்பு அதிகம்; அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் இழப்பு கால்வாசியாகும். மத்திய அலை பகலில் திணறுவது இதனால்தான். 90 முதல் 150 கிலோமீட்டர் வரை இ அடுக்கு. அதற்கு மேலே எஃப். பகலில் இது எஃப்1, எஃப்2 என்று இரண்டாகப் பிரியும். எஃப்2 இருக்கும் இடம் ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரம். எலெக்ட்ரான் கையிருப்பு அதிகமுள்ள இடம் அதுதான்; சிற்றலை கடல் கடந்து போவது பெரும்பாலும் அதன் தயவில்தான்.

எஃப்2வில் காற்று மிக மெலிது. ஆடும் எலெக்ட்ரான் எதிலும் மோதாமல், வாங்கிய சக்தியை அலையாகவே திருப்பித் தரும். அப்படித்தான் அலை வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. எவ்வளவு அதிர்வெண் வரை திரும்பும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கன மீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்க வேண்டும். லட்சம் கோடி எலெக்ட்ரான் இருந்தால் வர்க்கமூலம் 10 லட்சம்; 9 ஆல் பெருக்கினால் 90 லட்சம் ஹெர்ட்ஸ், அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். நேராக மேலே அனுப்பும் அலையில் அதுவரை திரும்பி வரும். அதற்கு மேற்பட்டது துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாக அனுப்பினால் இதைப்போல் மூன்று மடங்கு வரைகூட எட்டலாம். எலெக்ட்ரான் எண்ணிக்கை நாலு மடங்கானால் அதிர்வெண் எல்லை இரண்டு மடங்காகும். ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நேரத்தில் மேலே எத்தனை எலெக்ட்ரான்?

இதை வீட்டு வரவு செலவு மாதிரி பார்த்தால் பிடிபடும். கதிர் வந்து எலெக்ட்ரானைப் பிரிப்பது வரவு. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி ஓர் அயனியோடு சேர்ந்துவிடுவது செலவு. வரவு முழுக்கச் சூரியன் கையில். செலவோ காற்றின் கையில். டி அடுக்கு சம்பளம் வந்த கையோடு தீர்ந்துபோகும் வீடு: துகள்கள் நெருக்கமாக இருப்பதால் எலெக்ட்ரான் நொடிக் கணக்கில், நிமிடக் கணக்கில் காணாமல் போகும், இருட்டியதும் கஜானா காலி. இ அடுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். இரவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எஃப்2வுக்கு மட்டும் சேமிப்பு உண்டு. இரவெல்லாம் அந்தச் சேமிப்பைத் தின்றே ஓட்டி, விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்த இருப்புக்கு வந்து நிற்கும்.

எஃப்2வில் செலவு ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் பருவங்களின் புதிர் முழுவதும் இதற்குள் இருக்கிறது. அந்த உயரத்தில் அயனியாவது பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அணு. நாம் மூச்சில் இழுப்பது இரட்டை ஆக்சிஜன் மூலக்கூறு. மேலே கதிர் அதை உடைத்துப்போட்டிருக்கும். ஒற்றை அணு அயனியோடு எலெக்ட்ரான் சேர வந்தால், சேரும்போது மிஞ்சும் சக்தியைக் கொட்ட இடம் இருப்பதில்லை. அதனால் அந்தச் சேர்க்கை அபூர்வமாகத்தான் நடக்கிறது. மூலக்கூறு அயனியாக இருந்தால் சங்கடமே இல்லை: எலெக்ட்ரான் வந்து சேர்ந்ததும் மூலக்கூறு இரண்டாக உடையும், இரண்டு துண்டுகளும் மிஞ்சிய சக்தியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடும். ஆகவே ஆக்சிஜன் அயனி முதலில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறையோ ஆக்சிஜன் மூலக்கூறையோ சந்தித்து, தன் மின்னேற்றத்தை மூலக்கூறு அயனி ஒன்றின் தலையில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் எலெக்ட்ரான் சேரும். அந்த உயரத்தில் மூலக்கூறுகள் குறைவு, சந்திப்பு தாமதம். சுருக்கமாகச் சொன்னால், எஃப்2வில் ஒற்றை ஆக்சிஜன் வரவைக் கூட்டும். மூலக்கூறுகள் செலவைக் கூட்டும்.

வரவுப் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். சூரியப் புள்ளிகள் ஒரு சுழற்சியாகக் கூடிக் குறைகின்றன என்று 1843இல் ஜெர்மானிய வானியல் ஆர்வலர் ஷ்வாபே கண்டு சொன்னார். ஒரு சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டு. எண்ணிக்கையிட்டு வரும் சுழற்சிகளில் 25ஆவது, 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சத்தைத் தொட்டது. புள்ளிகள் கதிரை அள்ளி வீசுவதில்லை. அவை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த இடங்கள். ஆனால் புள்ளி இருக்கும் இடத்தில் காந்தப்புலம் முறுக்கேறி இருக்கும். அதைச் சுற்றியும் மேலேயும் உள்ள வெம்மையான பகுதிகள்தான் கடும் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் கொட்டுகின்றன. சூரியனின் மொத்த ஒளி ஒரு சுழற்சியில் 0.1 சதவீதம் அளவுக்குத்தான் ஏறி இறங்குகிறது, நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடும் புற ஊதாவோ இரண்டு மடங்கு, அதற்கு மேலும் மாறும். எக்ஸ் கதிர் இன்னும் பல மடங்கு. அயனி மண்டலம் சாப்பிடுவது இந்த இரண்டையும்தான். நமக்கு ஒரேமாதிரி தெரியும் சூரியன் அதற்கு ஒரு தசாப்தம் விருந்தும் பஞ்சமுமாகத் தெரிகிறது.

பஞ்சம் என்றால் 2008ஐச் சொல்லலாம். அந்த ஆண்டின் 366 நாளில் 266 நாள் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. விருந்து என்றால் 1957-58. உலக நாடுகள் சேர்ந்து சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று அறிவித்து அயனி மண்டலத்தை அளந்துகொண்டிருந்த காலத்தில், பதிவானவற்றிலேயே மிக உயர்ந்த உச்சம் வந்து வாய்த்தது. இன்றைக்கு வரவு எப்படி என்று பார்க்கப் புள்ளிகளை எண்ணுவதைவிட வசதியான எண் ஒன்று உண்டு. 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியன் எவ்வளவு ரேடியோ அலை வீசுகிறது என்பதை 1947 முதல் கனடாவில் அளந்து வருகிறார்கள். மேகம் மறைத்தாலும் அளக்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். சூரியன் தூங்கும்போது 70க்குப் பக்கத்தில் நிற்கும். உச்ச காலத்தில் 200ஐத் தாண்டும். சூரியன் தன்னைத்தானே ஏறத்தாழ 27 நாளில் சுற்றிவருவதால், ஒரு பெரிய புள்ளிக்கூட்டம் கண்ணுக்கு வந்து மறைந்து திரும்ப வருவதை இந்த எண்ணின் ஏற்ற இறக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

இது நிதானமான வரவு. திடீர் வரவும் உண்டு, அது சூரியச் சுடர். முறுக்கேறிய காந்தப்புலம் படீரென்று தளரும்போது எக்ஸ் கதிர் பீறிட்டு வரும். எட்டே கால் நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும், முன்னெச்சரிக்கைக்கு அவகாசமே இல்லை. எக்ஸ் கதிர் ஆழமாக ஊடுருவக்கூடியது என்பதால் அடி வாங்குவது கீழே இருக்கும் டி அடுக்குதான். அங்கே எலெக்ட்ரான் குபுகுபுவென்று பெருகும்; சிற்றலையும் சேர்ந்து விழுங்கப்படும்; பூமியின் பகல் பக்கம் முழுக்க ரேடியோ ஊமையாகிவிடும். இரவுப் பக்கத்தில் ஒன்றும் ஆகாது. பத்து இருபது நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரம் வரை நீடித்து, தானாகவே தெளியும். முதல்முறை இப்படி நேர்ந்தபோது நான் ரேடியோ பழுதாகிவிட்டது என்று பின்மூடியைக் கழற்றி, ஏரியல் கம்பியை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பற்றவைத்து முடித்ததும் வேலை செய்தது. என் கைராசி என்றே பல நாள் நம்பினேன். 2017 செப்டம்பர் 6 அன்று நடந்தது இப்படி வேடிக்கையானதில்லை. கரீபியன் தீவுகளை இர்மா புயல் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சூரியனின் 24ஆவது சுழற்சியிலேயே மிகப் பெரிய சுடர் வெடித்து, அவசரத் தொடர்புக்கு நம்பியிருந்த சிற்றலையை முடக்கியது.

இனி பருவம். கோடையில் சூரியன் உச்சிக்கு நெருங்கி வரும், பகல் நீளம். குளிர்காலத்தில் சாய்ந்த வெயில், குறுகிய பகல். ஆகவே கோடையில்தான் எலெக்ட்ரான் அதிகம் இருக்க வேண்டும். இ அடுக்கும் எஃப்1ம் இந்தக் கணக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்படுகின்றன. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் இ அடுக்கின் அதிர்வெண் எல்லையைக் காகிதத்தில் போட்டே சொல்லிவிடலாம். எஃப்1 கோடைப் பகலில் நன்றாகத் தெரியும், குளிர்காலத்தில் பெரும்பாலும் எஃப்2வோடு கலந்துவிடும். ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான எஃப்2 மட்டும் தலைகீழாக நடக்கிறது. நடு அட்சரேகைகளில், குளிர்கால நண்பகலில் அங்கே இருக்கும் எலெக்ட்ரான், கோடை நண்பகலில் இருப்பதைவிட அதிகம். இதற்குக் குளிர்கால முரண் என்று பெயர். வட அரைக்கோளத்தில், அதுவும் சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது பளிச்சென்று தெரியும்.

விடை செலவுப் பக்கத்தில் இருக்கிறது. கோடை அரைக்கோளத்தில் உயர்காற்று சூடேறி மேலெழுகிறது. எழும்போது கீழே இருந்த நைட்ரஜன் மூலக்கூறுகளையும் தூக்கி வருகிறது. மேலே போன காற்று பூமத்தியரேகையைக் கடந்து குளிர்கால அரைக்கோளத்தை நோக்கி வீசி, அங்கே கீழிறங்குகிறது. மேலிருந்து இறங்கும் காற்றில் கனமான மூலக்கூறுகள் குறைவு, இலேசான ஒற்றை ஆக்சிஜன் அதிகம். அதாவது கோடையில் எஃப்2வில் செலவாளிகள் கூடிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் வரவுக்கான மூலப்பொருள் கூடி, செலவாளிகள் குறைகிறார்கள். வெயில் கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் கையிருப்பு ஏறுகிறது. ஆனால் குளிர்கால இரவு நீளமானது, புது வரவு இல்லாமல் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். அதனால் விடியலுக்கு முன் இருப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். கோடையில் பகல் உச்சம் அவ்வளவாக இராது, இரவிலும் அவ்வளவாக வீழாது.

கோடை, குளிர்காலம் என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே, மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய சமபகலிரவுக் காலத்தில் எஃப்2வின் இருப்பு பல இடங்களில் உயர்ந்து நிற்கும். தொலைதூரத் தொடர்புக்குப் பலர் காத்திருக்கும் காலம் அது. அலை போகும் வழியில் இரண்டு அரைக்கோளங்களிலும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஜூனைவிட டிசம்பரில் எலெக்ட்ரான் அதிகம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. கிடைக்கும் ஒளியில் இதனால் வருவது ஏறத்தாழ 7 சதவீத வித்தியாசம். அளந்து பார்த்த ஏற்றம் அதைவிடப் பெரிது. தூரத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கை நேர் செய்துவிட முடியாது.

இந்தக் காற்றுக் கணக்கு புரிந்தால் புவிகாந்தப் புயலும் பாதி புரிந்த மாதிரிதான். சூரியனிலிருந்து பிளாஸ்மாக் கொத்து ஒன்று, அதாவது அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த திரள், கிளம்பி, ஒன்று முதல் மூன்று நாளில் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதும். துருவப் பகுதிகளின் உயர்காற்றில் ஏராளமான சக்தி கொட்டப்படும். அங்கே காற்று சூடாகி, மூலக்கூறுகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து, துருவத்திலிருந்து தாழ்ந்த அட்சரேகைகளை நோக்கிப் பரவும். கோடை மாதக்கணக்கில் செய்கிற வேலையைப் புயல் ஒரே நாளில் செய்து முடிக்கிறது என்று சொல்லலாம். முதலில் சில மணி நேரம் எஃப்2 வீங்கினாலும், பிறகு மூலக்கூறுகள் வந்து சேர்ந்ததும் இருப்பு சரிந்து, நேற்று கேட்ட உயர் அதிர்வெண்கள் இன்று கேட்காது. ஓரிரு நாள் ஆகும் மீள. ஏற்கெனவே காற்று துருவத்திலிருந்து விலகி வீசும் கோடை அரைக்கோளத்தில் இந்தச் சரிவு சுலபமாகப் பரவும். புயல்கள் சமபகலிரவுக் காலத்தை ஒட்டி அதிகம் வருவதும் உண்டு. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் காந்தப்புலமும் பூமியினுடையதும் அப்போது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வாகாக அமைவது அதற்கு ஒரு காரணம்.

ரேடியோவே கேட்காதவருக்கும் இதில் பங்கு உண்டு. ஜிபிஎஸ் சைகை 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வழியில் எலெக்ட்ரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாமதம். அந்தத் தாமதத்தைத் திருத்தாவிட்டால் இடம் சில மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை தவறிவிடும். இரண்டு அதிர்வெண்களில் வாங்கும் கருவி, இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டு இதைக் கழித்துவிடும். 2024 மே 10, 11இல் வீசிய புவிகாந்தப் புயல், 2003க்குப் பிறகு முதன்முறையாக இத்தகைய புயல்களுக்கான அளவுகோலின் உச்சபட்ச வகையைத் தொட்டது. அமெரிக்காவில் அது விதைப்பு நேரம். சென்டிமீட்டர் துல்லியத்தில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் சால் தவறித் தடுமாறின. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் போகும் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலோ புயல்கூடத் தேவையில்லை. அந்தி சாய்ந்ததும் எஃப் அடுக்கின் அடியிலிருந்து எலெக்ட்ரான் குறைந்த குமிழ்கள் கொப்பளித்து எழும். அவற்றினூடே வரும் சைகை நட்சத்திரம் போல மினுக்கும்.

இதையெல்லாம் ஒரு ரேடியோ முள்ளில் பார்த்துவிடலாம். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டு, வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகை, டிசம்பர் நண்பகல். 28 மெகாஹெர்ட்ஸில் கடல் கடந்த குரல்கள் பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாக வரும். இருட்டி ஓரிரு மணி நேரத்தில் அந்த இடம் செத்துப்போகும். முள்ளைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், நள்ளிரவில் 7 மெகாஹெர்ட்ஸில்தான் உலகம் இருக்கும். அதே ஆள் ஜூலையில் உட்கார்ந்தால் பகலில் 28இல் கடல் கடந்த குரல்கள் அபூர்வம், ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும்.

அந்த ஜூலையிலேயே ஒரு நாள், வெறிச்சோடிக் கிடக்கும் 28 மெகாஹெர்ட்ஸில் திடீரென்று கூட்டம் சேரும். கவனித்துக் கேட்டால் எல்லாமே ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவை. அதற்கு அப்பால் யாரும் இல்லை. சில நாள் எஃப்எம்மில்கூட அந்நிய நிலையம் வந்து உட்காரும். சூரியனுக்கு என்ன ஆயிற்று என்று தேட வேண்டாம். எரிகற்கள் எரிந்து உதிர்த்த இரும்பு, மெக்னீசிய அணுக்கள் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே அயனியாகி மிதந்துகொண்டிருக்கும். எதிரெதிர்த் திசையில் வீசும் இரண்டு காற்றுகள் அவற்றை ஓரிரு கிலோமீட்டர் தடிமனில் ஒரு தகடு போல அழுத்திவிட்டிருக்கின்றன. உலோக அயனியும் ஒற்றை அணுதான், எலெக்ட்ரானோடு சட்டென்று சேராது, அதனால் தகடு கலையாமல் நிற்கிறது. கோடையில் அடிக்கடி உருவாகும் இந்தத் தகட்டுக்கு விட்டுவிட்டு வரும் இ அடுக்கு என்று பெயர். நிமிடங்கள் நிற்கலாம், சில மணி நேரமும் நிற்கலாம். காற்று திசை மாறினால் பேச்சின் நடுவிலேயே குரல் அறுந்துபோகும்.